ஆமை நடைக்கு வர்ற புது வாலண்டியர்களை எப்படிப் பழக்குறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கரைநண்டு
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போற ஆளு, இழை ஆரம்பிக்கிறது இதான் முதல் தடவை, பகுதி மாறிப் போட்டிருந்தா மாடரேட்டர் நகர்த்திடுங்க.

சென்னைப் பக்கம் ஒரு குழுவோட சில சீசனா ராத்திரி ஆமை நடைக்குப் போயிட்டிருக்கேன், அதாவது முட்டை போடக் கரையேறுற கடலாமையோட கூட்டைத் தேடிக் கரையோரமா நடக்குறது. பங்குனி ஆமைதான், ஆலிவ் ரிட்லின்னு பேப்பர்ல போடுவாங்களே அது. இந்த ஜனவரில இருந்து புதுசா வர்றவங்களை நீயே பாத்துக்கோன்னு என் தலையில கட்டிட்டாங்க. ஆறேழு பேர் இருப்பாங்க, பாதி காலேஜ் பசங்க, ரெண்டு பேர் ஐடி, ஒரு அக்கா பேங்க்ல இருக்காங்க. தடம் பாக்குறது, கூடு தேடுறது, முட்டையை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்துல பத்திரமாப் புதைச்சு வைக்கிறது எல்லாம் எனக்குக் கை வந்துடுச்சு. ஆனா அதை இன்னொருத்தர் கையில வர வைக்கிறதுக்கு என்ன பண்ணணும்னு ஒண்ணும் புரியல. சீனியர் ஒருத்தரைக் கேட்டா "கூட நடக்கட்டும், தானா வரும்"ங்கிறார். இன்னொரு அண்ணன் ஒரு பெரிய பவர்பாயிண்ட் அனுப்பி இதை ஓட்டிடுன்னு முடிச்சிட்டார், அதுல முதல் பாதி பூரா ஆமையோட லத்தீன் பேரும் உலக மேப்பும்தான்.

எந்த வேலையை முதல்ல குடுக்கணும், எதை லேசுல குடுக்கக் கூடாது, பாதில கழண்டுக்கிறவங்களை என்ன பண்றது, எனக்கே என்னென்ன தெரிஞ்சிருக்கணும், எல்லாம் சொல்லுங்க. நீளமா எழுதினாலும் படிப்பேன்.

சவுக்குத்தோப்பு
வாழ்த்துகள் தங்கச்சி. நான் தொண்ணூறுகள்ல காலேஜ் படிக்கும்போது நடந்தவன், இப்ப முட்டி விடமாட்டேங்குது, எப்பவாச்சும் பொரிப்பகத்துக்கு மட்டும் போவேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்க. மெட்ராஸ் கரையில ஆமைக்காக நடக்குறது 1970கள்ல ஆரம்பிச்சது, பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேகர், சதீஷ் பாஸ்கர் மாதிரி ஆளுங்க ஆரம்பிச்சு வெச்சாங்க. 1988ல மாணவர்கள் கையில எடுத்து ஒரு நெட்வொர்க்கா ஆக்கினாங்க. மாணவர்கள்னா மூணு வருஷத்துல படிப்பு முடிஞ்சு பெங்களூரு, அமெரிக்கான்னு போயிடுவாங்க, அப்படியும் இத்தனை வருஷமா நிக்காம நடக்குதுன்னா ஒவ்வொரு செட்டும் கிளம்பறதுக்குள்ள அடுத்த செட்டைப் பழக்கி விட்டுட்டுப் போனதாலதான். அதனால நீ இப்ப பண்ணப் போறது நடையோட கூட வர்ற எக்ஸ்ட்ரா வேலை இல்ல, நடை அடுத்த வருஷம் இருக்குமா இருக்காதான்னு முடிவு பண்றதே இதுதான்.

சரி விஷயத்துக்கு வரேன். வேலையை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ஒவ்வொண்ணுக்கும் நேரா "இதுல புதுசா வந்தவன் சொதப்பினா சரி பண்ண முடியுமா"ன்னு கேளு. எது சுலபம் எது கஷ்டம்னு பிரிக்காத, அது வேற கணக்கு. தடம் பாக்குறது கஷ்டமான வேலை, ஆனா தப்பாப் பாத்தா ஒண்ணும் குடி முழுகாது, அதனால முதல் ராத்திரியே குடுத்துடலாம். முட்டை எடுக்குறது பாக்க சுலபம், கை விட்டு ஒண்ணொண்ணா எடுத்துப் பையில வைக்கணும் அவ்ளோதான். ஆனா முட்டை போட்டு சில மணி நேரம் போயிட்டா உள்ள இருக்கிற கரு ஓட்டோட மேல் பக்கத்துல ஒட்டிக்கும், அதுக்கப்புறம் முட்டையைப் புரட்டினா அவ்ளோதான், செத்துடும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, ஒன்றரை மாசம் கழிச்சு பொரியாத முட்டையைத் தோண்டும்போதுதான் தெரியும், அப்பவும் யார் கை பட்டுதுன்னு தெரியாது. அதைவிட மோசம் குச்சி போடுறது, அதாவது கூடு சரியா எங்கன்னு பாக்க மண்ணுல குச்சியை இறக்கிப் பாக்குறது. கூடு இருக்கிற இடத்துல மண்ணு லூஸா இருக்கும், குச்சி சட்டுன்னு இறங்கும், ஆனா எந்த அளவுக்கு அழுத்தணும்ங்கிறது வாயால சொல்லிக் குடுக்க முடியாத சமாச்சாரம். கொஞ்சம் கூடப் போச்சுன்னா முட்டைய குத்திடும், அந்த ஒரு முட்டை அழுகி பக்கத்துல இருக்கிறதையும் கெடுத்துடும். அதனால குச்சிதான் கடைசி. சில பேருக்கு ரெண்டாவது சீசன்லதான் குடுப்போம்.

அப்புறம் தடம் பாக்குறதுல நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு, வாயை மூடிட்டு நிக்கிறது. தடம் கண்ணுல பட்டதும் உனக்கு அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும் இது ஏறின தடம், இது இறங்கின தடம், இங்க மண்ணைக் கலைச்சு விட்டிருக்கு, கூடு இங்கதான்னு. சொல்லாத. "எது மேல ஏறினது?"ன்னு மட்டும் கேளு. அவன் குனிஞ்சு பாக்கட்டும், துடுப்பு மண்ணை எந்தப் பக்கம் தள்ளியிருக்கு, ரெண்டு தடமும் வெட்டிக்கிற இடத்துல எது மேல எது கீழன்னு அவனே கண்டுபிடிக்கட்டும். தப்பான பக்கம் காட்டுவான். "சரி, அங்க கூடு இருந்தா மண்ணு எப்படி இருக்கணும்?"னு கேளு. பத்து நிமிஷம் போகும், பின்னால நிக்கிறவங்க கொட்டாவி விடுவாங்க, பரவால்ல. நீ சொல்லிட்டா அவனுக்கு அந்த ஒரு கூடு தெரியும், அவனா பாத்தா அடுத்த கூடும் தெரியும். ஏறி வந்து முட்டையே போடாம திரும்பிப் போன தடமும் வரும், அதுதான் பெஸ்ட், கூடே இல்லைங்கிறதையும் அவனே சொல்லணும்.

நோட்டுப்புத்தகம்
அண்ணன் சொன்னதுல 90% ஒத்துக்கிறேன், ஒரே ஒரு இடத்துல மாறுபடுறேன். முதல் வாரம் நோட்டைக் குடுங்க. எல்லாரும் அதை போரடிக்கிற வேலைன்னு நினைச்சு சீனியர் கையிலேயே வெச்சுக்கிறாங்க, இல்லைன்னா ஓரமா நிக்கிற பொண்ணுகிட்ட தள்ளி விட்டுடறாங்க (இதைப் பத்தி தனியா ஒரு இழையே போடலாம்). தேதி, நேரம், இடம், கூட்டோட ஆழம், வாய் அகலம், முட்டை எத்தனை, எத்தனை மணிக்குத் திரும்ப வெச்சோம், இதெல்லாம் எழுதுறவனுக்குத்தான் மொத்த வேலையும் ஒரே பார்வையில புரியும்.

ஆனா "இதை ஃபில் பண்ணு"ன்னு சொல்லாதீங்க, ஏன்னு சொல்லுங்க. உதாரணத்துக்குத் தேதி. 45ல இருந்து 60 நாளுக்குள்ள குஞ்சு வெளிய வரும், 45 நெருங்கும்போது கூட்டு மேல கூடையைக் கவிழ்த்து வைப்போம். தேதியை மாத்தி எழுதிட்டா கூடை போட லேட்டாகும், குஞ்சுங்க ராத்திரி வெளிய வந்து எங்க வெளிச்சம் அதிகமோ அங்க போகும், நம்ம ஊர்ல அது கடல் இல்ல, ரோட்டு லைட்டு. காலைல வந்து பாத்தா வேலிக்குப் பக்கத்துல காக்கா கொத்தினதுதான் கிடக்கும். இந்தக் கதையை ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா அப்புறம் தேதியை எவனும் அலட்சியமா எழுத மாட்டான்.

முட்டை எண்ணும்போது ரெண்டு பேர் தனித்தனியா எண்ணணும், சத்தமா எண்ணக் கூடாது. ஒரு கூட்டுல 100, 120ன்னு இருக்கும், நடுவுல யாராச்சும் "ஆமை எங்க போச்சு அக்கா"ன்னு கேட்டா கணக்கு போச்சு. ரெண்டு கணக்கும் ஒத்து வரலைன்னா புதுசா வந்தவங்க சீனியர் நம்பரை அப்படியே எழுதிடுவாங்க, அதைக் கண்டிப்பா தடுங்க. அவங்க நம்பரையும் எழுதச் சொல்லுங்க. சில சமயம் அவங்கதான் சரியா இருப்பாங்க.

நாகைப்_பையன்
எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆமைக்கு மரியாதை குடுக்கச் சொல்லித் தரீங்க, குப்பத்துல இருக்கிற மனுஷனுக்கு மரியாதை குடுக்க எப்பச் சொல்லித் தருவீங்க?

நான் மீனவக் குடும்பம், எங்க கரையில பொரிப்பகம் காவலுக்கு ராத்திரி இருந்திருக்கேன். வருஷா வருஷம் பாக்குறேன், டார்ச்சை ஆட்டிட்டு வந்து வலை பின்னிட்டு இருக்கிற பெருசுகிட்ட "அங்கிள், ஆமையை ஏன் கொல்றீங்க"ன்னு கேக்குதுங்க. எங்கப்பா வலையில உசுரோட ஆமை ஏறினா வலையை அறுத்து விட்டுடுவாரு, அறுந்த வலைக்கு யாரும் காசு தரப் போறது இல்ல. ஆமை மூச்சு விட மேல வந்தாகணும், விசைப்படகு இழுவலையில மணிக்கணக்குல தண்ணிக்குள்ளயே மாட்டிக்கிட்டா மூச்சு முட்டிச் சாகும். அதுக்குத்தான் ஆமை தப்பிச்சுப் போற கருவி வலையில வைக்கணும், சீசன்ல கரைக்குக் கிட்ட இழுவைப்படகு வரக் கூடாதுன்னு எல்லாம் விதி இருக்கு. சின்ன ஃபைபர் போட்டுல போறவனும் இழுவைப்படகுக்காரனும் ஒண்ணு இல்ல. எங்களுக்குள்ளயே அதுல சண்டை இருக்கு. இந்த வித்தியாசம் தெரியாம ஒருத்தனைக் கரைக்குக் கூட்டிட்டு வராதீங்க, இதான் என் முதல் வேண்டுகோள்.

ரெண்டாவது, ஆமை எந்தப் பக்கம் ஏறும்னு பவர்பாயிண்ட் போட்ட அண்ணனைவிட குப்பத்துல விடியற்காலை மூணு மணிக்குக் கடலுக்குப் போறவனுக்கு நல்லாத் தெரியும். காத்து மாறினது, நீரோட்டம் மாறினது, மணல் எந்தப் பக்கம் அரிச்சிருக்கு எல்லாம் அவன் சொல்லுவான். அவனைக் காவல்காரன்னு நினைச்சு "அண்ணா தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாங்க"ன்னு வேலை வாங்குறாங்க. புதுசா வர்ற உங்க ஆளுங்களை முதல் நாள் ராத்திரி கூப்பிடாதீங்க, பகல்ல கூட்டிட்டு வந்து அவங்ககூட உக்கார வைங்க.

கரைநண்டு
நாகை அண்ணா, காரமா இருந்தாலும் இதைத்தான் யாரும் எங்கிட்ட சொல்லல, ரொம்ப நன்றி. பகல்ல கூட்டிட்டுப் போற யோசனை நல்லா இருக்கு, ஊரூர் குப்பம் பக்கம் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெரியவர் இருக்கார், அவர்கிட்ட கேக்குறேன். ஆனா பெருசுங்க பேசும்போது நான் பக்கத்துல இருக்கணுமா விலகி நிக்கணுமா? நான் இருந்தா அவர் என்னைப் பாத்தே பேசுவார்.

நாகைப்_பையன்
தங்கச்சி, அறிமுகம் பண்ணிட்டு டீ வாங்கப் போயிடு 😄 லேட்டா வா.

ராத்திரிப்பறவை
நான் பொண்ணுங்க விஷயம் மட்டும் சொல்றேன், ஏன்னா ஆம்பளைங்க எழுதுற எந்த லிஸ்ட்லயும் இது வராது.

ராத்திரி பதினோரு மணிக்குக் கிளம்பி விடியறதுக்கு முன்னாடி வரைக்கும் நடக்கப் போறீங்க. வழில பாத்ரூம் இல்ல. இதை முதல்லயே வெளிப்படையா சொல்லணும், எங்க நிறுத்துவோம், யார் வீட்டுல கேட்டு வெச்சிருக்கோம்னு. சொல்லலைன்னா பொண்ணுங்க சாயங்காலத்துல இருந்து தண்ணியே குடிக்காம வந்து நடு ராத்திரி தலை சுத்தி உக்காந்துடுவாங்க, கேட்டா "டயர்டு அக்கா"ம்பாங்க. வழிநடத்துறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சா மட்டும் பத்தாது, கூச்சப்படாம ஆம்பளைப் பசங்க முன்னாடியும் பேச வரணும்.

அம்மா அப்பாகிட்ட நீங்களே ஒரு தடவை பேசுங்க. பேங்க் அக்காவுக்கு வேணாம், ஆனா பத்தொன்பது வயசுப் பொண்ணோட அம்மா ராத்திரி ஒரு மணிக்கு போன் பண்ணுவாங்க, அப்ப அவ எடுக்கலைன்னா அடுத்த வாரம் அவ வர மாட்டா. உங்க நம்பர் அவங்ககிட்ட இருக்கணும்.

நடக்கும்போது முன்னாடி ஒருத்தர், கடைசில ஒருத்தர், ரெண்டு பேருமே பழைய ஆளா இருக்கணும். கடைசில வர்றவங்க வேலை முன்னாடி போறவங்களைவிடப் பெருசு, யார் கால் இழுக்குது, யார் பேசாம ஆயிட்டாங்க, யாரோட யார் ஒட்டாம நடக்குறாங்க, எல்லாம் அவங்க கண்ணுக்குத்தான் தெரியும். நாய், கண்ணாடிச் சில்லு, குடிச்சிட்டு உக்காந்திருக்கிற கூட்டம் எல்லாம் கரையில சகஜம், வெறுங்காலோட நடக்கணும்னு யாராச்சும் ஆசைப்பட்டா விடாதீங்க.

இன்னொண்ணு, குழுவுக்குள்ளயே ஒருத்தன் வழிஞ்சா. இருட்டு, தனிமை, சீனியர்ங்கிற பேரு, இது மூணும் சேர்ந்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். யார்கிட்ட சொல்லணும்னு முதல் நாளே ரெண்டு பேரு பேரைச் சொல்லிடுங்க, அதுல ஒருத்தராச்சும் அந்த நடையில வராத ஆளா இருக்கட்டும்.

லேப்டாப்வாசி
எல்லாரும் அனுபவம் அனுபவம்னு சொல்றீங்க, எனக்கு ஒரு சந்தேகம். நான் கார்ப்பரேட்ல சிஎஸ்ஆர் (கம்பெனியோட சமூகப் பணி) பாக்குறேன், வருஷத்துக்கு ஒரு தடவை ஐம்பது பேரைக் கூட்டிட்டு வருவோம். ஒரு ஸ்டாண்டர்டு ட்ரெய்னிங், ஆன்லைன்ல ஒரு குவிஸ், பாஸ் பண்ணினா சர்டிஃபிகேட், இப்படி வெச்சா இந்தக் குழப்பம் எதுவும் இருக்காதே? ஏன் ஒவ்வொரு குழுவும் புதுசு புதுசா கண்டுபிடிச்சிட்டு இருக்கணும்? பயிற்சின்னா ஒரு அளவுகோல் வேணும்ல.

சவுக்குத்தோப்பு
லேப்டாப் சார், கோவிச்சுக்காதீங்க, ஐம்பது பேர் வந்தா அது நடை இல்ல, ஊர்வலம். ஆமை ஏறி வரும்போது ரொம்ப உஷாரா இருக்கும், அசைவு தெரிஞ்சா வெளிச்சம் தெரிஞ்சா திரும்பிடும். முட்டை போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் கொஞ்சம் கண்டுக்காது, அப்பவும் பின்பக்கமாத்தான் போகணும். ஐம்பது போன்ல ஒண்ணு ஃப்ளாஷ் அடிச்சா போதும்.

குவிஸ்ல பாஸ் பண்ணினவனை முட்டையில கை வைக்க விட முடியாது, சட்டப்படியும் முடியாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கிற உயிர் இது, வனத்துறை அனுமதி இல்லாம முட்டையைத் தொடவே கூடாது. அனுமதி குழுவுக்குத்தான், யாரைத் தொட விடுறோம்ங்கிறதுக்கு நாமதான் பொறுப்பு. புதுசா வர்றவங்களுக்கும் இதைச் சொல்லி வைக்கணும், இல்லைன்னா ஆர்வத்துல தனியாப் போயி ஒரு கூட்டைத் தோண்டி இன்ஸ்டால போட்டுடுவாங்க.

ஆனா நீங்க கேட்டதுல ஒரு நியாயம் இருக்கு. ஒரு நாள் வர்றவங்களை ஒரு நாள் ஆளாவே நடத்தணும், அவங்களுக்கு வேற வேலை இருக்கு. பகல்ல கரையில கிடக்குற பழைய வலையை அள்ளுறது, சீசன் சமயத்துல ராத்திரி லைட்டை அணைங்கன்னு கடற்கரைப் பக்கம் இருக்கிற அபார்ட்மெண்ட்ல போயி பேசுறது. ரெண்டாவது வேலைக்கு உங்க ஆளுங்கதான் பொருத்தம், அந்த அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல இருக்கிறவங்களும் உங்க ஆபீஸ்காரங்கதானே.

லேப்டாப்வாசி
சரி, அந்த அபார்ட்மெண்ட் பாயிண்ட் எடுத்துக்கிறேன். சர்டிஃபிகேட் வேணாம்ங்கிறதுல இன்னும் எனக்கு உடன்பாடு இல்ல. காலேஜ் பசங்க அதுக்காகத்தான் வருவாங்க, அது உங்களுக்கும் தெரியும்.

நோட்டுப்புத்தகம்
வரட்டுமே, எதுக்காக வந்தாலும் வரட்டும். சீசன் முடிஞ்சதும் குடுங்க, முன்னாடியே குடுக்காதீங்க, சண்டை முடிஞ்சுது.

கோவைக்காரி
ஆமையை டிவில பாத்ததோட சரி, ஆனா தலைப்பைப் பாத்துட்டு உள்ள வந்தேன். நான் வலி நிவாரண சிகிச்சை (பாலியேட்டிவ்) வாலண்டியர், கேரளாவுல கோழிக்கோடு, மலப்புறம் பக்கம் ஊர்க்காரங்களே சேர்ந்து நடத்துறாங்களே அந்த மாதிரி ஒரு சின்னக் குழு.

எங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்கு, ஒத்து வந்தா எடுத்துக்குங்க. புதுசா வந்தவங்க வகுப்பு முடிஞ்சதும் நர்ஸ் கூட வீடு வீடாப் போவாங்க. ஒவ்வொரு வீட்டுல இருந்து வெளிய வந்ததும், வண்டில ஏறுறதுக்கு முன்னாடி, நர்ஸ் கேக்குறது ஒரே கேள்வி, "அந்த வீட்டுல நீங்க என்ன பாத்தீங்க?" என்ன பண்ணினீங்கன்னு கேக்க மாட்டாங்க. ஒருத்தர் மருந்து டப்பா பாத்திருப்பார், ஒருத்தர் அந்தப் பையன் ஸ்கூலுக்குப் போகாம வீட்டுல இருக்கிறதைப் பாத்திருப்பார். நாலஞ்சு வீடு போனதுக்கு அப்புறம் யார் எதைக் கவனிப்பாங்கன்னு நர்ஸுக்குத் தெரிஞ்சிடும், அதுக்கு ஏத்த வேலையைக் குடுப்பாங்க. திருத்தணும்னா வீட்டு ஆளுங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, அவசரம்னா தவிர.

வந்தவங்க எல்லாருக்கும் எல்லா வேலையும் கத்துக் குடுக்கணும்னு இல்லைங்கிறதையும் சொல்லணும். எங்ககூட ஒரு ரிட்டயர்டு சார், நோயாளிகிட்ட உக்காந்து பேச அவருக்கு வரவே இல்ல, ஆனா ஆஸ்பத்திரி, ரேஷன், பென்ஷன் ஆபீஸ்னு அலையறதுக்கு அவரை விட்டா ஆள் கிடையாது.

ராத்திரிப்பறவை
அந்தக் கேள்வியை நான் திருடிக்கிறேன் கோவை அக்கா. எங்க நடை முடிஞ்சு டீக்கடைல உக்காரும்போது எல்லாரும் போன்தான் பாக்குறோம், அங்க கேக்கலாம்.

பொது ஜனம் முன்னாடி திருத்தக் கூடாதுங்கிறதும் ரொம்ப முக்கியம். வாரக் கடைசில பப்ளிக் நடை இருக்கும், அப்ப புது வாலண்டியர் ஏதாச்சும் தப்பா சொல்லுவான், "ஆமை முன்னூறு வருஷம் வாழும்"னு அடிச்சு விடுவான். அங்கேயே வெட்டினா அதுக்கப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான். அப்புறமா தனியாக் கூப்பிட்டு, "தெரியலைன்னு சொல்றதுல ஒரு கேவலமும் இல்ல, கேட்டுச் சொல்றேன்னு சொல்லு"ன்னு சொன்னா போதும்.

கரைநண்டு
நிறைய எழுதி வெச்சுக்கிட்டேன். எனக்கு நிஜமாவே பயமா இருக்கிற ஒண்ணு கேக்குறேன். 2025 ஜனவரில நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், சென்னைக் கரை முழுக்க நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குச்சு. அப்ப நானே ஜூனியர். புதுசா வந்திருந்த ரெண்டு பேர் அந்த வாரத்தோட வரவே இல்ல, ஒரு பையன் மட்டும் தினமும் வந்தான், ஆனா யார்கூடவும் பேசல. மறுபடியும் அப்படி ஒரு சீசன் வந்தா பசங்களை எப்படிப் பாத்துக்கிறது?

சவுக்குத்தோப்பு
அந்த ஜனவரில நானும் கரைக்குப் போனேன். செத்த ஆமைகிட்ட புதுசா வந்தவங்களைச் சும்மா நிக்க விடாத, அது முதல் விஷயம். கையில வேலை இருக்கணும். ஓட்டு நீளம் டேப்ல அளக்கணும், வால் நீளமா இருந்தா ஆண், குட்டையா இருந்தா பெண், வெளிக்காயம் இருக்கான்னு பாக்கணும், கடைசில ஓட்டு மேல பெயிண்ட் அடிக்கணும், இல்லைன்னா நாளைக்கு வர்றவன் அதையே திரும்ப எண்ணிடுவான். நாத்தத்துக்கு மாஸ்க் குடு, கையுறை இல்லாம தொட விடாத. நாம அளந்து எழுதுற நம்பர்தான் நாளைக்கு ஆபீஸர் முன்னாடியும் கோர்ட்லயும் பேசும்னு சொல்லு. அது பொய்யான ஆறுதலும் இல்ல.

அப்புறம் தினமும் வர்றவனைத்தான் கவனிக்கணும், வராதவனை இல்ல. வராதவன் தன்னைப் பாத்துக்கிட்டான். தினமும் வந்து பேசாம இருக்கிறவனை நீயே நிறுத்தி "இந்த வாரம் நீ வர வேணாம், அடுத்த வாரம் பொரிப்பகத்துல டூட்டி போட்டிருக்கேன்"னு மாத்தி விடு. கேக்க மாட்டான், ஆனா நீ சொல்லித்தான் ஆகணும். மார்ச் மாசம் வரைக்கும் எப்படியாச்சும் இழுத்துட்டு வந்துட்டீன்னா குஞ்சு விடுற ராத்திரியைப் பாத்துடுவான்.

நாகைப்_பையன்
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. அந்த மாதிரி சமயத்துல வாட்ஸாப் குரூப்ல கோவம் கொதிக்கும், "இந்த மீன்காரனுங்களை எல்லாம்"னு ஒருத்தன் ஆரம்பிப்பான். அதை அங்கேயே நிறுத்த வேண்டியது வழிநடத்துறவங்க பொறுப்பு. இங்க தனியாக் கூப்பிட்டுச் சொல்றேன்னு உக்காராதீங்க, ஏன்னா அந்த குரூப்ல எங்க பசங்களும் இருக்காங்க.

மாடரேட்டர்
இதுக்கு மேல ஒருத்தர் போட்ட பதிவை நீக்கியிருக்கேன். போன சீசன் கூடு இருந்த இடங்களோட மேப் லிங்க் அது. நல்ல எண்ணத்துலதான் போட்டிருக்கீங்க, ஆனா இடம் பொதுவுல போட்டா கூட்டமும் வரும், முட்டை திருடுறவனும் வருவான். இதையும் புது வாலண்டியர்களுக்குச் சொல்ல வேண்டிய லிஸ்ட்ல சேத்துக்குங்க. லைவ் லொகேஷன், ரீல்ஸ் எல்லாம் வேணாம்.

கரைநண்டு
நன்றி மாட். கடைசியா ரெண்டு கேள்வி, அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன். ஒண்ணு, ஒண்ணுமே கிடைக்காத ராத்திரிகளை எப்படிச் சமாளிக்கிறது? ஜனவரி ஆரம்பத்துல வாரக்கணக்குல ஒரு தடம்கூட இருக்காது, அப்பதான் பாதிப் பேர் கழண்டுக்கிறாங்க. ரெண்டு, எல்லாம் தெரிஞ்ச ஆளு. ஐடி பசங்கள்ல ஒருத்தர் இப்பவே குரூப்ல எனக்கே பாடம் எடுக்குறார், மணல் சூடானா பெண் குஞ்சு, குளிர்ந்தா ஆண் குஞ்சுன்னு. சரிதான், ஆனா ஒவ்வொரு மெசேஜுக்கும் கீழ ஒரு லிங்க்.

நோட்டுப்புத்தகம்
ரெண்டாவதுக்கு முதல்ல சொல்றேன், அவர் பொக்கிஷம், விட்டுடாதீங்க. பொரிப்பகத்துல மண்ணோட சூடு எடுக்குற வேலையை அவருக்குக் குடுங்க. தினமும் ஒரே நேரத்துல, ஒரே ஆழத்துல, நிழல்ல ஒண்ணு வெயில்ல ஒண்ணு. ரெண்டு வாரத்துல லிங்க் அனுப்புறது நின்னு நம்பர் அனுப்ப ஆரம்பிச்சிடுவார். நிக்கலைன்னா அவரோட இன்னொரு ஜூனியரை ஜோடி போட்டு, அவருக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க, கேள்வி கேட்டுக் கேட்டே அந்தப் பொண்ணு அவரை ஒரு வழி பண்ணிடும்.

வெறும் ராத்திரிக்கு: முதல்லயே சொல்லிடுங்க, ஜனவரில வர்றது ஆமை பாக்க இல்ல, கரை பாக்கன்னு. இருட்டுல கண்ணு பழக அரை மணி நேரம் ஆகும், டார்ச் இல்லாம நடக்கப் பழக்குங்க. நாய்த் தடம், நண்டுத் தடம், போட்டு இழுத்த தடம் எல்லாம் பாத்துப் பழகட்டும், அப்பதான் ஆமைத் தடம் வரும்போது தனியாத் தெரியும். நீங்களே மண்ணுல ஒரு பொய்க் கூடு பண்ணி வெக்கலாம், ஒன்றரை அடி ஆழம், வாய் குறுகி அடி அகலமா பானை வடிவத்துல தோண்டி மூடிடுங்க, பசங்க தேடட்டும், தோண்டட்டும், திரும்ப அதே மாதிரி ஒண்ணு தோண்டச் சொல்லுங்க. பொரிப்பகத்துல கூடு தோண்டுறது யாருக்கும் ஒரே நாள்ல வராது, பக்கம் இடிஞ்சு இடிஞ்சு விழும். முட்டையே இல்லாதப்ப இடியட்டும்.

ராத்திரிப்பறவை
பொய்க் கூட்டுல குச்சி போடவும் பழக்கலாம் சவுக்கு அண்ணா. வாயால சொல்லிக் குடுக்க முடியாதுன்னீங்களே, உள்ள தண்ணி ஊத்தின பலூன் வெச்சுப் பழக்கினா? உடைஞ்சா உடைஞ்சுது.

சவுக்குத்தோப்பு
இது எங்க காலத்துல தோணலம்மா. பண்ணிப் பாருங்க. ஆனா பலூன் உடைக்காதவனுக்கு உடனே நிஜக் கூட்டுல குச்சியைக் குடுத்துடாதீங்க, சேதமானா திரும்ப வராதுங்கிறது அப்படியேதான் இருக்கு. முதல்ல உன் கை குச்சி மேல இருக்கட்டும், அவன் கை உன் கை மேல இருக்கட்டும், மண்ணு விடுறது அவனுக்குத் தெரியணும். அப்புறம் கை மாத்தலாம்.

பலூன் துண்டைக் கரையிலேயே விட்டுட்டு வந்துடாதீங்க, ஆமை தின்னு வைக்கும்.

கரைநண்டு
😂 பொறுக்கிடுவோம் அண்ணா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் குப்பத்துல முதல் சந்திப்பு வெச்சிருக்கேன், நாலு பேர் வரேன்னு சொல்லியிருக்காங்க. பேங்க் அக்கா டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடி பேப்பர் எங்க கிடைக்கும்னு கேக்குறாங்க, யாருக்காச்சும் தெரியுமா?

நோட்டுப்புத்தகம்
ஸ்டேஷனரி கடைல கிடைக்கும், கிஃப்ட் சுத்துறது. ரெண்டு மடிப்பா மடிச்சு ரப்பர் பேண்ட் போடுங்க, ஒரு மடிப்புல வெள்ளை வெளிச்சம் கசியும்.